குலதெய்வக் கோயிலுக்கு டிராக்டரில் போகும்போது

ஆடி மாதம் பிறந்துவிட்டால் நம் தென்மாவட்டத்துச் சாலைகளில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். முன்னே ஒரு டிராக்டர், பின்னே அதன் டிரெய்லர். டிரெய்லரில் ஜமக்காளம் விரித்துப் பாட்டிமார் நடுவில் அமர்ந்திருப்பார்கள். சுற்றிலும் குழந்தைகள். பக்கப் பலகையின் மீது இளைஞர்கள் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். பொங்கல் பானை, விறகுக் கட்டு, வாழைத்தார், அரிசி மூட்டை யாவும் அதே வண்டியில்தான். குலதெய்வத்துக்குப் பொங்கலிடப் புறப்பட்ட குடும்பம் அது. பார்க்கும்போதே மனம் நிறையும். எனக்கும் நிறைந்ததுண்டு. ஆனால் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அக்காட்சியைக் கண்டதும் என் வாய் தன்னையறியாமல் ஐயனார் பெயரை முணுமுணுக்கிறது.

நான் அப்போது ஒரு கிராமக் கிளையின் மேலாளர். என் தம்பி மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் காதணி விழா. எங்கள் ஐயனார் கோயில் கண்மாய்க்கரையின் மறுகோடியில் இருக்கிறது. பேருந்துச் சாலையிலிருந்து நான்கு கிலோமீட்டர் மண்பாதை. முதியவர்களை எப்படி அழைத்துப் போவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது எங்கள் கிளையில் கடன் பெற்று டிராக்டர் வாங்கியிருந்த விவசாயி ஒருவர், "சார், நம்ம வண்டி சும்மாதான் நிக்குது. தம்பி ஓட்டுவான், எல்லாரும் ஏறிக்கிடுங்க" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. முப்பத்தெட்டுப் பேர் ஏறினோம்.

போகும்போது குறையொன்றுமில்லை. பொங்கல் பொங்கிற்று, குழந்தைக்குக் காது குத்தினார்கள், பந்தி முடிந்தது. திரும்பும் வழியில் கண்மாய்க்கரை சாலையை நோக்கி இறங்கும் இடத்தில் ஒரு வளைவு உண்டு. வண்டியை ஓட்டிய இளைஞர் டீசலை மிச்சம் பிடிக்கும் வழக்கப்படி நியூட்ரலில் இறக்கினார். வண்டி வேகம் பிடித்தது. பிரேக்கை அழுத்தினார். டிராக்டரின் முன்பக்கம் வெடுக்கென்று ஒரு புறமாகத் திரும்பிற்று. பின்னாலிருந்த டிரெய்லர் நிற்காமல் அதைத் தள்ளிக்கொண்டே வந்தது. டிரெய்லரின் ஒரு சக்கரம் கரையைவிட்டுச் சரிந்தது. நாங்கள் அனைவரும் ஒரு பக்கமாக விழுந்த பாரத்தில் பக்கப் பலகையின் கொக்கி பிடுங்கிக்கொள்ள, அவ்வழியே சிலர் கீழே உருண்டார்கள்.

ஆடி மாதமாதலால் கண்மாயில் நீர் இல்லை. உயிர்ச்சேதமும் இல்லை. எழுபத்தொரு வயதான என் பெரியம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

அன்று நடந்தது என்ன என்பதைப் பின்னர் ஒரு மெக்கானிக்கிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். டிராக்டருக்கு வலச் சக்கரத்துக்கு ஒன்றும் இடச் சக்கரத்துக்கு ஒன்றுமாக இரண்டு பிரேக் மிதிகள் உண்டு. வயலின் மூலையில் சட்டென்று திரும்புவதற்கு அவற்றைத் தனித்தனியே பயன்படுத்துவார்கள். சாலைக்கு வரும்போது இரண்டையும் சேர்த்துப் பூட்டும் சிறு கொக்கியைப் போட்டுவிட வேண்டும். அன்று அந்தக் கொக்கி போடப்படவில்லை. அவசரத்தில் ஒரு மிதிமேல்தான் கால் விழுந்தது. ஆகவே ஒரு பக்கச் சக்கரம் மட்டும் நின்றது.

இன்னொரு செய்தி என்னைத் திகைக்க வைத்தது. நம்மூர் விவசாய டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தமாகப் பிரேக்கே கிடையாதாம். சுமார் இரண்டு டன் எடையுள்ள டிராக்டர்தான் தன்னையும் நிறுத்திக்கொண்டு, பின்னால் வருவதையும் நிறுத்த வேண்டும். ஆளுக்கு ஐம்பது கிலோ என்று வைத்தாலும் நாற்பது பேர் இரண்டு டன். டிரெய்லரின் எடை அதற்கு மேல். அதாவது தன்னைவிடக் கனமான ஒன்றை டிராக்டர் இறக்கத்தில் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது. நேர்ச்சாலையில், மெதுவான வேகத்தில், கியரிலேயே இறங்கினால் எஞ்சினும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் அந்தப் பிடி போய்விடும். வளைவில் பிரேக் போட்டால் பின்வண்டி முன்வண்டியைப் பக்கவாட்டில் தள்ளி, பேனாக்கத்தி மடிவதுபோல் இரண்டும் மடங்கிக்கொள்ளும்.

தேர்த் திருவிழா கண்ட நமக்கு இது புதிய செய்தியன்று. வடம் பிடித்து இழுக்க ஆயிரம் கைகள் வரும். ஆனால் ஓடும் தேரின் சக்கரத்தடியில் சமயமறிந்து முட்டுக்கட்டை போடுவோர் சிலரே. அத்தொழிலில் பழகியவர்களையே நம் பெரியவர்கள் அங்கே நிறுத்தினார்கள். திருவாரூர் ஆழித்தேருக்கு இக்காலத்தில் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தியிருக்கிறார்கள். தேருக்குக் காட்டிய அந்தக் கவனத்தை டிரெய்லருக்கு நாம் ஏன் காட்டவில்லை என்று பலமுறை எண்ணியிருக்கிறேன்.

சுமை அமரும் விதமும் முக்கியமானது. இருசக்கர டிரெய்லரில் எல்லோரும் பின்பக்கம் நெருங்கி உட்கார்ந்தால் முன்னுள்ள இழுகம்பி மேலே தூக்கும். டிராக்டரின் பின்சக்கரங்களுக்குத் தரையில் பிடிப்புக் குறையும். எழுந்து நின்றால் பாரம் உயர்ந்து, சிறு பள்ளத்திலும் வண்டி சாய முற்படும். நெல்மூட்டை அடுக்கிய இடத்திலேயே கிடக்கும். மனிதர்கள் அப்படியல்லர். கோபுரம் தெரிந்ததும் "அதோ" என்று ஒரே பக்கம் எழுந்து கும்பிடுவது நம் இயல்பல்லவா?

டிராக்டரையும் டிரெய்லரையும் இணைப்பது ஓர் இரும்பு ஊசி. அது நழுவாதிருக்க அடியில் ஒரு கிளிப் வேண்டும். ஊசி தொலைந்துவிட்டதென்று கம்பித் துண்டையோ போல்ட்டையோ செருகிக்கொண்டு ஓட்டுவதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். ஊசி ஒடிந்தாலும் வண்டி பிரிந்தோடாமல் காக்க ஒரு சங்கிலியும் கட்டலாம். அதற்கு ஆகும் செலவு ஓர் அர்ச்சனைத் தட்டின் விலையைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். மட்கார்டின் மீதும் இழுகம்பியின் மீதும் சிறுவர்களை உட்கார வைப்பதோ பெருங்கொடுமை. அங்கிருந்து விழுபவர்கள் நேரே சக்கரத்தடியில்தான் விழுவார்கள்.

இரவுப் பயணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொடை விழா முடிந்து நள்ளிரவில் திரும்பும் டிரெய்லர்கள் பலவற்றில் பின்விளக்கு எரிவதில்லை. ஒளி பட்டால் மின்னும் பட்டை ஒட்டியிருந்தாலும் சேறு மூடியிருக்கும். விரைந்து வரும் லாரிக்கு, தன் முன்னே ஊர்ந்து போவது ஒரு குடும்பம் என்று தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிடக்கூடும். ஓட்டுநரோ இரவெல்லாம் விழித்தவர். வண்டியில் ஒலிபெருக்கி முழங்கினால் பின்னால் "நிறுத்து, நிறுத்து" என்று கூவும் குரல் அவர் காதில் விழாது. அம்மன் பாட்டைக் கோயிலுக்குப் போய்க் கேட்கலாமே.

இது நம் ஊர்க்கதை மட்டுமன்று. 2022 அக்டோபர் 1-ஆம் நாள் உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் அருகே, உன்னாவில் உள்ள சந்திரிகா தேவி ஆலயத்தில் வழிபட்டுத் திரும்பியவர்களின் டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்தது. 25-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. சரக்கு ஏற்றும் வண்டியில் மக்களை ஏற்ற வேண்டாமென்று அம்மாநில முதல்வர் அப்போது வேண்டிக்கொண்டார். ஆயினும் 2024 பிப்ரவரி 24, மாசிப் பௌர்ணமியன்று, அதே மாநிலத்தின் காஸ்கஞ்ச் மாவட்டத்தில் கங்கை நீராடப் போனவர்களின் டிரெய்லரும் குளத்தில்தான் கவிழ்ந்தது. அங்கே 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

என் கதைக்கு வருகிறேன். பெரியம்மாவின் அறுவைச் சிகிச்சைக்குப் பெருந்தொகை ஆயிற்று. வண்டிக்குத்தான் இன்சூரன்ஸ் உண்டே என்றார்கள் உறவினர்கள். கிடைக்காது என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியுமென்றால், ஆண்டுதோறும் அந்த டிராக்டரின் பாலிசியை வாங்கிக் கடன் கோப்பில் சேர்த்து வைத்தவனே நான்தான். விவசாய வேலைக்கும் விளைபொருள் ஏற்றவும் என்றுதான் அதில் இருந்தது. சரக்கு வண்டியில் கட்டணமின்றிப் போகிறவர்களுக்கு நேரும் காயத்துக்கும் மரணத்துக்கும் இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பாகாது என்று 2003-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. பொறுப்பு வண்டி உரிமையாளர் தலையில் விழும். உதவி செய்ய வந்த ஏழை விவசாயி அன்று கைகூப்பி நின்றதை நான் மறக்கவில்லை. செலவை எங்கள் குடும்பமே ஏற்றுக்கொண்டது. அந்தக் காகிதத்தில் எத்தனை முறை கையெழுத்திட்டிருப்பேன். ஒருமுறையாவது அதை நினைத்துக்கொண்டு, "வேண்டாம் அண்ணாச்சி, வேன் பிடித்துக்கொள்கிறோம்" என்று சொல்லியிருக்கலாம்.

பெரியம்மா அதன்பின் மூன்றாண்டுகள் இருந்தார். நடை வண்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டு வாசல்வரை வருவார். கோயிலுக்கு அவர் மீண்டும் போகவேயில்லை. ஆடி வெள்ளியன்று நாங்கள் கொண்டுவந்து கொடுக்கும் விபூதியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கண்மாயில தண்ணி கிடந்துச்சா?" என்று மட்டும் கேட்பார்.

இப்போது எங்கள் குடும்பத்தில் சாலை முடியும் இடம்வரை வேன். அதற்கப்பால் நடக்க முடிந்தவர்கள் நடக்கிறோம். முடியாதவர்களை இரண்டு ஆட்டோக்களில் நாலைந்து நடையாகக் கொண்டுபோய் விடுகிறோம். கரை இறக்கம் வந்ததும் ஆட்டோவிலிருந்தும் இறங்கி, கைபிடித்து நடத்திக் கடக்கிறோம். அதற்காக அரைமணி நேரம் முன்னதாகவே புறப்படுகிறோம். டிராக்டரும் வருகிறது. அண்டாவும் விறகும் அரிசி மூட்டையும் அதில் போகின்றன. ஓட்டுபவர் அன்றைய அதே இளைஞர்தான், இப்போது தலை நரைத்துவிட்டது. கரையேறும் முன் வண்டியை நிறுத்தி, இறங்கிக் குனிந்து, பிரேக் கொக்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஏறுகிறார்.