பன்றிக் காவலுக்கு வாக்கி டாக்கி: வாட்டைப் பார்க்காதீர்கள், அலைவரிசையைப் பாருங்கள்

புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த மக்காச்சோளம் பால் பிடிக்கத் தொடங்கிவிட்டால் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி பக்கம் விவசாயிக்கு வீட்டில் தூக்கம் கிடையாது. கண்மாய்க்குள்ளும் குண்டாற்று ஓரத்திலும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் பகலில் காட்டுப்பன்றிக்கு வீடு. இருட்டியதும் உங்கள் புஞ்சையில்தான் அதற்குப் பந்தி.

காட்டுக்கு ஒருவராகத் தனித்தனியே காவல் இருந்தால், நீங்கள் விரட்டும் பன்றி பக்கத்துக் காட்டில் இறங்கும். நான்கைந்து பேர் ஒருவருக்கொருவர் தகவல் சொல்லிக்கொண்டால்தான் கூட்டத்தை வந்த வழியே திருப்ப முடியும். செல்போனில் ஒருவரிடம் பேசினால் மற்றவருக்குத் தெரியாது; பல காடுகளில் சிக்னலும் இல்லை. வாக்கி டாக்கியில் பட்டனை அழுத்திப் பேசினால் குழு முழுக்கக் கேட்கும். இன்னொரு பயனும் உண்டு. சட்டத்துக்குப் புறம்பாக யாராவது வேலியில் மின்சாரம் பாய்ச்சியிருப்பது தெரிந்தால், அந்தப் பக்கம் நடக்கும் ஆளை அந்த நொடியே எச்சரிக்கலாம்.

இதை வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை வாட் வாங்கலாம்?" என்பது. அதற்கு முன் கேட்க வேண்டியது, அந்தக் கருவி எந்த அலைவரிசையில் இயங்குகிறது என்பது.

இந்தியாவில் ரேடியோ அலை அனுப்பும் கருவியை உரிமமோ விலக்கோ இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். 1933ஆம் ஆண்டு கம்பியில்லாத் தந்திச் சட்டம் அப்படித்தான் சொன்னது. 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்திலும் நிலை அதுதான். "பேசினால்தானே தப்பு, பெட்டியில் இருந்தால் என்ன?" என்ற வாதம் எடுபடாது. குறைந்த சக்திக் கருவிகளுக்கு 2018ஆம் ஆண்டு விதிகள் விலக்குத் தருகின்றன. அதன்படி 446.0 முதல் 446.2 மெகா ஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் மட்டும் இயங்கும், அரசின் கருவி வகை ஒப்புதல் பெற்ற வாக்கி டாக்கிக்கு உரிமம் தேவையில்லை. இந்த ஒப்புதலைக் கடைக்காரர்கள் 'இடிஏ' என்பார்கள்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் 5 வாட் கருவிகள் பலவற்றின் விவரத்தைப் படித்துப் பாருங்கள். 136 முதல் 174 வரை, 400 முதல் 520 வரை என்று இருக்கும். எந்த அலைவரிசையை வேண்டுமானாலும் அதில் போட்டுக்கொள்ளலாம். காவல் துறை, வனத்துறை போன்றவை பேசும் அலைகளும் இந்த எல்லைக்குள் வருவதால், தெரியாமல் நீங்கள் அழுத்தும் பட்டன் அவர்கள் பேச்சில் குறுக்கிடலாம். 446இல் மட்டும் வைத்துப் பேசுகிறேன் என்றாலும் அந்தக் கருவி விலக்கில் சேராது. 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 இணைய வணிக நிறுவனங்களுக்கு இது தொடர்பாக நோட்டீஸ் அனுப்பியது. அதைத் தொடர்ந்து, வாக்கி டாக்கி விற்பனைக்கெனத் தனி வழிகாட்டு நெறிமுறைகளும் வந்தன. விற்பவர் அலைவரிசையையும் இடிஏ விவரத்தையும் காட்டியாக வேண்டும். காட்டாத கருவியை வாங்காதீர்கள். கடையில் வாங்கினால் பில்லில் மாடல் பெயரை எழுதி வாங்குங்கள்.

"446 கருவி அரை வாட்தானே, எட்டுமா?" என்பீர்கள். எட்டும். பத்து மடங்கு சக்தி கொடுத்தால் பத்து மடங்கு தூரம் கிடைக்கும் என்பது தவறான கணக்கு. தரைக்கு அருகில் செல்லும் அலை, தூரம் இரட்டித்தால் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காக மெலிந்துவிடும். அந்தக் கணக்கில், அரை வாட்டிலிருந்து 5 வாட்டுக்குப் போனாலும் எட்டும் தூரம் 1.8 மடங்குதான் கூடும். அதற்குப் பதிலாக ஒருவர் பரண் மேல் ஏறட்டும். தரையில் நிற்பவரின் கையில் கருவி ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். பரணில் அது 4 மீட்டர். அந்த உயரம் மட்டுமே தூரத்தை 1.6 மடங்காக்கும். பரண் போட ஆகும் கம்பு உங்கள் காட்டு வேலியிலேயே நிற்கிறது. அதற்கு எந்த அனுமதியும் வேண்டாம்.

அட்டைப்பெட்டியில் 8 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். அது இடையில் எதுவுமே இல்லாத வெட்டவெளிக் கணக்கு. கருவேலமும் பயிரும் நிற்கும் நம் நிலத்தில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தெளிவாகக் கேட்டால் போதும் என்று திட்டமிடுங்கள். ஒரு காவல் குழுவின் காடுகள் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும்.

பயிர் ஆய்வாளன் என்ற முறையில் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். கருவியை ஆவணியில், காடு வெறுமையாகக் கிடக்கும்போது சோதித்துப் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். மார்கழியில் அதே காட்டில் ஆள் உயர மக்காச்சோளம் நிற்கும். இலையெல்லாம் பனியில் நனைந்திருக்கும். ஈர இலை இந்த அலையை உறிஞ்சும். எனவே பயிர் வளர்ந்த பிறகு, பனி இறங்கும் நேரத்தில் ஒருவர் பரணில் இருக்க, மற்றொருவர் எல்லையைச் சுற்றி நடந்தபடி ஒன்று முதல் பத்து வரை எண்ணிக்கொண்டே போகட்டும். எண் விட்டுப்போகும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, அங்கே ஆள் நிறுத்துவதைத் தவிருங்கள். பருத்தி, உளுந்து, குதிரைவாலி போன்ற குட்டையான பயிரில் இந்தச் சிக்கல் குறைவு.

கருவியை இடுப்பில் மாட்டியபடி பேசினால் உடம்பே அலையைத் தடுக்கும். முகத்துக்கு முன்னால், ஆன்டெனா நேராக மேல்நோக்கி இருக்கும்படி பிடியுங்கள். பட்டனை அழுத்தி ஒரு நொடி கழித்துப் பேசுங்கள். இல்லாவிட்டால் முதல் சொல் போய்ச் சேராது. "போகாதே" என்பதில் முதல் பாதி விழுங்கப்பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வாங்கும்போது பேட்டரியை விசாரியுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கு பெரும்பாலும், நூற்றில் 5 பங்கு நேரம் பேசுவது, 5 பங்கு கேட்பது, மீதி சும்மா இருப்பது என்ற கணக்கில் போடப்படுவது. பன்றி வரும் இரவில் பேச்சு கூடும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். மாற்று பேட்டரி கிடைக்கும் மாடலாகப் பாருங்கள். பனியும் தூசியும் தாங்க ஐபி 54 தரமாவது வேண்டும். குழுவில் எல்லோரும் ஒரே கம்பெனிக் கருவி வாங்க வேண்டும் என்பதில்லை. சேனல் எண்ணும் துணைக் குறியீடும் ஒன்றாக இருந்தால் 446 கருவிகள் தங்களுக்குள் பேசும். துணைக் குறியீடு போட்டுவிட்டால் வெளியாட்களுக்குக் கேட்காது என்று நினைக்க வேண்டாம், கேட்கும். அலமாரிச் சாவி எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் அதில் பேசக் கூடாது.

ஒரு கருவி ஊருக்குள், செல்போன் சிக்னல் உள்ள வீட்டில் விழித்திருப்பவரிடம் இருக்கட்டும். காட்டில் விரியன் கடித்தால் வாக்கி டாக்கி 108-க்குப் பேசாது. அந்த வீட்டில் இருப்பவர்தான் பேச வேண்டும்.

இதைவிடத் தூரம் பேசும் கருவி வேண்டும் என்றால், மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் 'சரள் சஞ்சார்' இணையதளத்தில் விண்ணப்பித்து, தனி அலைவரிசை ஒதுக்கீடும் உரிமமும் பெற வேண்டும். ஆண்டுதோறும் கட்டணம் உண்டு. ஒரு காவல் குழுவுக்கு அது கட்டுப்படியாகாது என்பது என் கருத்து.

ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோ உரிமம் வேறு. 12 வயது நிரம்பிய யாரும் அடிப்படை மின்னணுவியலிலும் விதிமுறைகளிலும் தேர்வெழுதி அதைப் பெறலாம். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத்தும் அவருடைய ஹாம் குழுவினரும்தான், மற்றத் தொடர்புகள் அறுந்த நிலையில் அந்தமானிலிருந்து செய்திகளை அனுப்பினார்கள். ஆர்வமுள்ள வேளாண் அலுவலர்களும் கல்லூரி படிக்கும் உங்கள் பிள்ளைகளும் அவசியம் முயலலாம். ஆனால் அந்த உரிமத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்த விதி இடம் தரவில்லை. எதிரில் பேசுபவரும் உரிமம் பெற்றிருக்க வேண்டும். பன்றிக் காவலுக்கு அது உதவாது.

தை அறுவடை முடிந்து கருவிகளை எடுத்து வைக்கும்போது, பேட்டரியைப் பாதி சார்ஜில் தனியாகக் கழற்றி வையுங்கள். ஓட்டு வீட்டுக் கூரையடியில் வேண்டாம், சித்திரை வெயிலில் பேட்டரி உப்பிவிடும்.