நடுவயதும் இரத்த ஓட்டமும்

சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடுபவனுக்கு உடல்நலம் பற்றி எழுத என்ன உரிமை என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். வைத்தியம் என் துறையன்று. ஆயினும் தவணை தவறிய கடன்களின் காரணத்தை விசாரித்துக் குறிப்பெழுதுவது என் கடமைகளுள் ஒன்று. மழை பொய்த்தது, நூல் விலை ஏறியது என்பனவற்றோடு, "அங்கத்தினர் நோய்வாய்ப்பட்டார்" என்றும் அடிக்கடி எழுத நேர்கிறது. அவர்களில் பலர் நாற்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதினர். குடும்பபாரத்தைத் தாங்கி நிற்பவர்கள்.

நெசவாளர் சங்கம் ஒன்றில் நான் கண்டதைக் கூறுகிறேன். ஐம்பத்திரண்டு வயதான அங்கத்தினர் ஒருவர் மாதந்தோறும் கூலியில் முன்பணம் பெற்று வந்தார். காரணம் கேட்டபோது மூன்று குப்பிகளைக் கொண்டுவந்து காட்டினார். மீன் எண்ணெய், பூண்டு எண்ணெய், வைட்டமின் ஈ ஆகியவை அடங்கிய உருண்டைகள். "இவை இரத்தக் குழாயைக் கழுவி விடுமாம், ஐயா" என்றார். மாதச் செலவு எழுநூற்றைம்பது ரூபாய். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தத்திற்காக இலவசமாகக் கொடுத்த மாத்திரை என்னவாயிற்று என்றேன். "இது சாப்பிடும்போது அது எதற்கு என்று விட்டுவிட்டேன்" என்றார். மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள் என்று சொல்லி வந்தேன். நான்கு மாதம் கழித்துச் சென்றபோது அவருடைய தறிக்குழியின்மேல் பலகை போட்டு மூடியிருந்தது. பக்கவாதத்தால் வலது கை விழுந்துவிட்டது. கட்டுப்படாத இரத்த அழுத்தமே காரணம் என்று மருத்துவர் கூறினாராம். உடல்நலத்திற்குச் செலவு செய்யத் தயங்கியவரல்லர் அவர். செலவு சென்ற இடம்தான் தவறு.

இரத்தம் ஓடும் வழி

இரத்தம் இருதயத்திலிருந்து புறப்பட்டு உடலெங்கும் சென்று மீண்டும் இருதயத்தையே அடைகிறது என்பதை 1628ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில மருத்துவர் நூல் எழுதி நிலைநாட்டினார். வளர்ந்த மனிதனின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உண்டு. இருதயம் நிமிடத்திற்கு 70 முறை துடிப்பதாகக் கொண்டால் நாளொன்றுக்கு ஒரு லட்சம் துடிப்பாகிறது.

இருதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டு செல்லும் குழாய்கள் இளமையில் நன்கு விரிந்து சுருங்கும். வயது ஏற ஏற அவை விறைப்படைகின்றன. உட்சுவரில் கொழுப்பும் படிகிறது. வண்டல் படிந்த வாய்க்காலைக் கண்ட விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் வாய்க்காலைத் தூர்வாருவது போல் இக்குழாயைக் கழுவிவிடும் எண்ணெய் எதுவும் இல்லை. குழாய்களில் அழுத்தம் மிகுந்தாலும் வெகுகாலம் வலி தோன்றாது. அழுத்தத்தை அளந்து பார்த்தால்தான் தெரியும். இந்நோயின் கபடம் அதுவே.

காலிலிருந்து இரத்தம் மேலேறுவதற்கு இருதயத்தின் உந்துதல் மட்டும் போதாது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகி, அங்குள்ள குழாய்களைப் பிழிந்து, இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அது மீண்டும் கீழிறங்காதபடி குழாய்களினுள் சிறு கதவுகள் அமைந்துள்ளன. மணிக்கணக்கில் அசையாமல் நின்றாலோ உட்கார்ந்தாலோ இந்த ஏற்பாடு தளர்ந்து போகிறது. விசைத்தறியருகே நின்றே பொழுதைக் கழிப்பவர்களுக்கும், இராட்டையின் முன் அமர்ந்து ஊடை நூல் சுற்றும் பெண்களுக்கும் மாலையில் கால் வீங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நடமாட்டத்தின் பயன்

இலண்டன் நகரின் இரண்டடுக்குப் பஸ்களில் பணிபுரிந்தவர்களை ஜெரி மாரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 1953இல் முடிவுகளை வெளியிட்டனர். நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக ஏற்பட்டது. ஒரே பஸ், ஒரே ஊர். வேலையின் தன்மையில்தான் பெரிய வேற்றுமை. பின்வந்த பல ஆராய்ச்சிகளும் உடலுழைப்பின் நன்மையை உறுதிப்படுத்தியுள்ளன.

"தறியில் மிதிக்கிறோமே, அது போதாதா?" என்று நெசவாளர் கேட்கலாம். அது காலுக்கு ஓரளவு உதவும். எனினும் மூச்சு சற்றே வாங்கும்படி விரைந்து நடப்பதற்கு அது ஈடாகாது. வாரத்தில் ஐந்து நாட்கள், நாளொன்றுக்கு அரைமணி நேரம் நடப்பது நலம். தறியிலிருந்து மணிக்கொரு முறை எழுந்து சில நிமிடம் நடமாட வேண்டும். முன்பு ஏற்றம் இறைத்து, ஏர் பின்னே நடந்த விவசாயியும் மின்மோட்டாரும் டிராக்டரும் வந்தபின் நடை குறைந்திருக்கிறார் என்பதை மறத்தலாகாது.

உப்பும் புகையும்

நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உட்பட்டே, உப்பு உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. குழம்பில் இட்ட உப்பு மட்டுமன்றி ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் ஆகியவற்றில் உள்ளதும் இக்கணக்கில் சேரும். பழையதுக்கு ஊறுகாய்க்குப் பதிலாகச் சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டால் உப்பு வெகுவாகக் குறையும்.

பீடியும் சிகரெட்டும் இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. புகையிலை பழகியவர்களின் கை கால் விரல்களுக்குச் செல்லும் குழாய்கள் அடைபட்டு விரல் அழுகும் நோயை 1908இல் லியோ பர்கர் என்ற மருத்துவர் விவரித்தார். அந்நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது. நம் நாட்டில் பீடி குடிப்பவர்களிடம் இது காணப்படுகிறது. புகையிலையை அறவே விட்டாலன்றி இந்நோய் நிற்பதில்லை.

குப்பிகளில் விற்கும் சத்துகள்

வைட்டமின் ஈ இருதயத்தைக் காக்குமா என்று 55 வயதுக்கு மேற்பட்ட, நோய் அபாயம் மிகுந்த 9,000க்கும் அதிகமானவர்களிடம் சுமார் நாலரை ஆண்டுகள் சோதித்தனர். அதனால் பயனில்லை என்பது 2000இல் வெளியான முடிவு. பிரிட்டனில் நீரிழிவு உள்ள 15,480 பேரிடம் மீன் எண்ணெய் சோதிக்கப்பட்டு, 2018இல் முடிவு வெளியாயிற்று. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற கடும் நோய்கள் அதனால் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை.

இதனால் எல்லாச் சத்து மாத்திரைகளும் வீண் என்று கொள்ளலாகாது. இரத்தச் சோகைக்கு இரும்புச்சத்தும், பரிசோதனையில் வைட்டமின் பி12 குறைவு தெரிந்தவர்களுக்கு அதுவும் மருந்தேயாகும். குறைவு இருந்து உண்டால் மருந்து. குறைவின்றி உண்டால் செலவு. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் இவற்றைச் சேர்த்துண்பது இரத்தக்கசிவில் முடியவும் கூடும். மத்தி மீனும் கீரையும் பயறும் உணவாக உண்ணத்தக்கவையே. அவற்றிற்குக் குப்பி வேண்டியதில்லை.

அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை

நாற்பது வயது கடந்தவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அழுத்தம் 140க்கு 90 என்ற அளவையோ அதற்கு மேலோ திரும்பத் திரும்பக் காட்டினால் மருத்துவரை நாடுக. கொடுத்த மாத்திரையை, உடம்பு நன்றாயிருக்கிறது என்பதற்காக நிறுத்தலாகாது. நன்றாயிருப்பதே மாத்திரையின் பயனாக இருக்கலாம்.

நடக்கும்போது கெண்டைக்கால் வலித்து, நின்றால் தணிவதும், ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலிப்பதும் மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, நெஞ்சு அழுத்தினாலோ உடனே 108க்குச் சொல்ல வேண்டும். மூளையில் இரத்தம் உறைந்து வரும் பக்கவாதத்திற்கு, உறைவைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்திற்குள் போட்டாக வேண்டும்.

சங்கங்களும் ஒரு காரியம் செய்யலாம். கூலி கொடுக்கும் நாளில் அங்கத்தினர்கள் தாமாகவே கூடுகிறார்கள். அன்று சுகாதாரப் பணியாளரை வரவழைத்து அனைவருக்கும் அழுத்தம் பார்க்க நிர்வாகக் குழு ஏற்பாடு செய்தால் செலவு அதிகமாகாது.

முன்னே கூறிய அங்கத்தினரின் கடனுக்குத் தவணை நீட்டிக்க அச்சங்கத்தின் குழு தீர்மானித்தது. தீர்மானப் புத்தகத்தில் நானும் அதைப் பார்த்தேன். தவணையை நீட்டிக்கச் சங்கத்தால் இயன்றது. நாடாக் கயிற்றை இழுத்த கையைத் திருப்பிக் கொடுக்க எந்தச் சங்கத்தாலும் இயலாது.