செவ்வக அலைக்குழலில் அலைப்பட்டை வடிப்பான்

நுண்ணலைத் தொடர்பு நிலையத்தின் வாங்கியை வந்தடையும் குறி மிக நலிந்தது. அதே கோபுரத்தில், அண்டை அதிர்வெண் ஒன்றில் இயங்கும் பரப்பியோ அதனினும் பல கோடி மடங்கு வன்மையுடையதாக இருத்தல் கூடும். அவ்வலை வாங்கியினுள் சிறிதளவு கசிந்தாலும் தொலைவிலிருந்து வரும் செய்தி மூழ்கிப்போகும். வேண்டிய அதிர்வெண் பட்டையை மட்டும் விட்டு, ஏனையவற்றை மறிக்கும் வாயில் ஒன்று அங்கே தேவைப்படுகிறது. அதுவே அலைப்பட்டை வடிப்பான்.

வானொலி அதிர்வெண்களில் இப்பணியைக் கம்பிச்சுருளும் மின்தேக்கியும் செய்கின்றன. பத்து ஜிகாஹெர்ட்ஸ் அளவில் அவை பயன்படா. ஆற்றல் வெப்பமாகவும் கதிர்வீச்சாகவும் வீணாகும். அங்கே உட்குடைவான உலோகக் குழலே சுற்றாக அமைகிறது. இத்தகைய குழலினுள் அலைகள் செல்லும் விதத்தை 1897-இல் ராலே பிரபு கணக்கிட்டுக் காட்டினார். அக்கணக்கு நடைமுறைக்கு வர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.

உட்புறம் 22.86 மி.மீ. அகலமும் 10.16 மி.மீ. உயரமும் உடைய குழலை எடுத்துக்கொள்வோம். இதன் அகலத்தின் இரு மடங்கான 45.72 மி.மீ.க்கு மேற்பட்ட அலைநீளம் இதனுள் செல்லாது; அதாவது 6.56 ஜிகாஹெர்ட்ஸுக்குக் கீழ் குழல் அடைபட்டதே ஆகும். பத்து ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் வெளியில் 30 மி.மீ.; குழலினுள்ளோ 39.7 மி.மீ. மாணவர்கள் இடறும் இடம் இதுவே. வடிப்பானின் நீளங்களை எல்லாம் குழல் அலைநீளத்தைக் கொண்டே கணிக்க வேண்டும்.

குழலின் குறுக்கே, இரு பக்கச் சுவர்களிலிருந்தும் மெல்லிய தகடுகள் நீட்டி, நடுவே ஒரு சாளரம் விட்டால் இரு தகடுகளுக்கு இடைப்பட்ட பகுதி ஓர் அறையாகிறது. அறையின் நீளம் அரைக் குழல் அலைநீளத்தை ஒட்டியிருக்கையில் அது ஒத்ததிர்வு கொள்ளும். ஓர் அறையின் தேர்வு கூர்மையற்றது. பல அறைகளைத் தொடராகக் கோத்தால் பட்டையின் மேற்பகுதி தட்டையாகவும் ஓரங்கள் செங்குத்தாகவும் அமையும். இவ்வகை வடிப்பானைக் கணிக்கும் எளிய முறையை 1957-இல் கோன் வெளியிட்டார். இன்றும் தொடக்கக் கணிப்பு அதுவே.

100 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள மூன்றறை வடிப்பான் ஒன்றை, பட்டையினுள் 0.1 டெசிபெல் ஏற்றத்தாழ்வை ஏற்றுக்கொண்டு கணிப்போம். அதிர்வெண்ணில் ஒரு விழுக்காடான இவ்வகலம் குழல் அலைநீளத்தில் 1.75 விழுக்காடாகிறது. ஓரச் சாளரங்களின் பிணைப்பெண் 0.163 என்றும், உட்சாளரங்களுக்கு 0.025 என்றும் வருகின்றன. எனவே ஓரச் சாளரங்கள் அகன்றும் உள்ளவை குறுகியும் இருக்கும். சாளரங்களின் தூண்டற் பண்பு அறையை மின்முறையில் நீட்டிவிடுவதால், அறைகளை அரை அலைநீளமான 19.85 மி.மீ.ஐவிடச் சற்றுக் குறைத்தே வெட்ட வேண்டும்: ஓர அறைகள் 18.67 மி.மீ., நடு அறை 19.54 மி.மீ. சாளர அகலத்தை முற்காலத்தில் வரைபடம் பார்த்து எடுத்தனர். இக்காலத்தில் கணிப்பொறி புலத்தையே கணக்கிட்டுத் தருகிறது. அறை நீளம் முழுக் குழல் அலைநீளத்துக்கு ஈடாகும் 16.5 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டி வடிப்பான் மீண்டும் திறந்துகொள்ளும் என்பதையும் மறத்தலாகாது.

கணிப்பினும் கடினமானது பட்டறை வேலை. நீளத்தில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிழைத்தால் அறையின் அதிர்வெண் ஏறத்தாழ 29 மெகாஹெர்ட்ஸ் விலகும். பட்டையின் கால் பங்குக்கு மேல் அதிலேயே போய்விடும். வெயிலும் தன் பங்கைச் செய்கிறது. விடியலுக்கும் நண்பகலுக்கும் இடையே குழலின் வெப்பநிலை 30 பாகை உயருமாயின் பித்தளை வடிப்பான் 6 மெகாஹெர்ட்ஸ் அளவு கீழிறங்கும். அலுமினியம் சிறிது கூடுதலாக. இன்வார் உலோகத்தில் இவ்விலகல் அரை மெகாஹெர்ட்ஸுக்கும் குறைவு. ஆயின் அதன் விலை மிகுதி, உட்புறம் வெள்ளி முலாமும் வேண்டும்.

ஒவ்வோர் அறையின் அகன்ற சுவர் நடுவிலும் ஒரு திருகாணி பொருத்துவது வழக்கம். திருகாணி உள்ளே இறங்க இறங்க அதிர்வெண் குறையும். ஆதலால் அறையைச் சற்றுக் குட்டையாக வெட்டுதல் அறிவுடைமை. நீளமாக வெட்டிவிட்ட அறையைத் திருகாணி திருத்தாது.

திருத்துவதற்கு 1951-இல் டிஷால் கூறிய முறை எளிது. எல்லாத் திருகாணிகளையும் ஆழ இறக்கி அறைகளைக் குலைத்துவிட்டு, பட்டையின் நடு அதிர்வெண்ணைச் செலுத்தி, முன்னுள்ள பிளவுக்குழலில் மின்னழுத்தம் மிகக் குறைந்த இடத்தில் உணரியை நிறுத்த வேண்டும். முதல் அறையை இசைத்தால் அங்கு அழுத்தம் உச்சமாகும். இரண்டாவதை இசைத்தால் தாழும். மூன்றாவதில் மீண்டும் உயரும். பின்னர் வெளியேறும் அலையைப் பார்த்துச் சிறு திருத்தங்கள் செய்து, திருகாணிகளைப் பூட்டுமரையால் இறுக்கிவிடலாம். இறுக்கும்போது திருகாணி சற்றே நகருவதுண்டு. இறுக்கிய பின்னரும் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும்.