கிட்னி நோயாளிக்கு எந்த ஜூஸ்?

புளியந்தோப்பிலிருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனா வெறுங்கையோட போக மாட்டோம். ரெண்டு இளநி, இல்லேன்னா ஒரு கிலோ சாத்துக்குடி. காய்ச்சல்காரருக்கு அது நல்லதுதான். டயாலிசிஸில் இருப்பவருக்கு அதே இளநி உயிருக்கே ஆபத்தாகலாம்.

காரணம் பொட்டாசியம். சாப்பாட்டில் வருவதில் மிச்சமானதைச் சிறுநீரில் வெளியேற்றுவது கிட்னியின் வேலை. அது படுத்துவிட்டால் ரத்தத்தில் தேங்கும். லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது 6.5-ஐத் தாண்டினால் இதயத்துடிப்பு தாறுமாறாகும். சில சமயம் எந்த முன்னறிகுறியும் இல்லாமல் இதயம் நின்றேபோகும்.

இளநீரில் 100 மில்லிக்குச் சுமார் 250 மில்லிகிராம் பொட்டாசியம். பெரிய காய் ரெண்டு குடித்தால் 1,500 வரை போகும். டயாலிசிஸ் நோயாளிக்கு ஒரு நாள் முழுக்கச் சொல்லப்படும் அளவே பொதுவாக 2,000 சொச்சம்தான்!

ஜூஸில் இன்னொரு சிக்கல். காய்கறியை வேகவைத்து, பொட்டாசியம் இறங்கிய தண்ணியைக் கொட்டச் சொல்வார்கள். ஜூஸ் அதுக்கு நேர் எதிர்: சக்கையை வீசிட்டு, பொட்டாசியம் இறங்கின தண்ணியைக் குடிக்கிறோம். ஒரு ஆரஞ்சை உரித்துத் தின்றால் சுமார் 240 மில்லிகிராம். 200 மில்லி டம்ளர் ஜூஸ் என்றால் 400. மாதுளையும் தக்காளி ஜூஸும் ஏறக்குறைய இதே கணக்கு.

ஆப்பிள், திராட்சை, அன்னாசி ஜூஸ்களில் பாதி டம்ளருக்கு 100-130தான். எலுமிச்சை இன்னும் நல்லது: அரைப்பழச் சாற்றில் 20 சொச்சம். ஆனால் உப்பு போடக்கூடாது. சோடியம் குறைவு என்று விற்கும் உப்பைப் போடவே கூடாது, அதில் கலந்திருப்பது பொட்டாசியம் குளோரைடு. சுகர் இருந்தால் சர்க்கரையும் கணக்குதான். சுகர் திடீரென இறங்கிப்போனால் மட்டும் ஆப்பிள் ஜூஸோ சர்க்கரைத் தண்ணியோ கொடுக்கலாம், ஆரஞ்சு வேண்டாம்.

பாக்கெட் ஜூஸ் அட்டையில் பொட்டாசியம் அளவு பெரும்பாலும் இருக்காது. சேர்மானத்தில் 'பாஸ்பேட்' என்று இருந்தால் வைத்துவிடுங்கள்.

நட்சத்திரப்பழத்துக்கு அளவே கிடையாது, தொடவே கூடாது. அதிலுள்ள காரம்பாக்சின் என்ற நஞ்சைக் கெட்டுப்போன கிட்னியால் வெளியேற்ற முடியாது. நிற்காத விக்கலில் ஆரம்பித்து, மனக்குழப்பம், வலிப்பு, மரணம் வரை போயிருக்கிறது. மாற்றுக் கிட்னி வைத்து டாக்ரோலிமஸ் எடுப்பவர்கள் பப்ளிமாஸையும் விட்டுவிட வேண்டும். அது ரத்தத்தில் மருந்தின் அளவைக் கூட்டிவிடும்.

ஆரம்பக்கட்ட நோயாளிகள் இதைப் படித்துப் பழத்தையே நிறுத்த வேண்டாம். பலருக்குப் பொட்டாசியம் சரியாகவே இருக்கும். நீர் மாத்திரை எடுப்பவர்களில் சிலருக்குக் குறைந்தும் இருக்கும். ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டி டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீர் குறைந்தவர்களுக்கு எந்த ஜூஸும் நாள் கணக்கிலுள்ள தண்ணீர் அளவில்தான் சேரும். ரசமும் கஞ்சியும்கூட அப்படித்தான். அதனால் பார்க்கப் போறவங்க ஜூஸுக்குப் பதிலா ரெண்டு ஆப்பிள் வாங்கிட்டுப் போகலாம், நாளைக்கு ஒண்ணா சாப்பிடட்டும்.