காக்கோரி வழக்கு: ரயிலில் இல்லாதவருக்குத் தூக்கு தண்டனை கிடைத்தது எப்படி?

லக்னோ: காக்கோரி ரயில் கொள்ளை வழக்கில் ராம் பிரசாத் பிஸ்மில், அஷ்பகுல்லா கான், ராஜேந்திர லாகிரி, ரோஷன் சிங் ஆகிய 4 பேர் 1927 டிசம்பரில் தூக்கிலிடப்பட்டனர். இவர்களில் ரோஷன் சிங் சம்பவத்தின்போது அந்த ரயிலிலேயே இல்லை என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. அவ்வாறெனில், அவருக்கு மரண தண்டனை கிடைத்தது எப்படி?

சம்பவம் என்ன?

1925 ஆகஸ்ட் 9 அன்று, லக்னோ நோக்கிச் சென்ற பயணிகள் ரயில் காக்கோரி அருகே அபாயச் சங்கிலி இழுத்து நிறுத்தப்பட்டது. இந்துஸ்தான் குடியரசுச் சங்கத்தைச் சேர்ந்த புரட்சியாளர்கள், கார்டு பெட்டியில் இருந்த அரசுப் பணத்தைக் கைப்பற்றினர். துப்பாக்கிக் குண்டு பாய்ந்து பயணி ஒருவர் உயிரிழந்தார்.

கண்ட சாட்சிகளின் வரம்பு

பயணிகள் கீழே இறங்கக் கூடாது என எச்சரிக்கப்பட்டிருந்தனர். இருள் கவியும் வேளை, துப்பாக்கிச் சத்தம், அச்சம் ஆகியவற்றுக்கு இடையே முன்பின் அறியாத முகங்களை நினைவில் நிறுத்துவது எளிதன்று. எனவே, உள்விவரம் அறிந்தவர்களின் வாக்குமூலம் அரசுத் தரப்புக்கு இன்றியமையாததாயிற்று. பனாரசி லால், இந்துபூஷண் மித்ரா ஆகியோர் அப்ரூவர்களாக மாறினர்.

வழக்கு ரயில் சம்பவத்தோடு நிற்கவும் இல்லை. அரசுக்கு எதிராகப் போர் தொடுக்கச் சதி செய்ததாகவும் குற்றம் சாட்டப்பட்டது; முன்னர் நடந்த வேறு கொள்ளைகளும் சேர்க்கப்பட்டன. இதனால், 'ரயிலில் இருந்தது யார்?' என்ற கேள்வியைவிட, 'சதியில் பங்கேற்றது யார்?' என்ற கேள்வி முதன்மை பெற்றது. ரோஷன் சிங் இந்த வளையத்துக்குள் வந்தது இவ்வாறே. 1927 ஏப்ரல் 6 அன்று தீர்ப்பு வழங்கப்பட்டது.

சட்டம் கூறுவது என்ன?

குற்றத்தில் உடந்தையாக இருந்தவரின் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தண்டிப்பது சட்டவிரோதமாகாது என்று 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 133-ஆவது பிரிவு கூறியது. ஆனால், முக்கிய விவரங்களில் வேறு ஆதாரம் துணை நிற்காவிடில் அத்தகையவர் நம்பத்தகாதவர் என நீதிமன்றம் கருதலாம் என்று 114-ஆவது பிரிவின் விளக்கம் எச்சரித்தது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது நீதிமன்றங்களின் நிலைப்பாடு.

அடையாள அணிவகுப்புக்கும் வரம்பு உண்டு. அது புலனாய்வு சரியான திசையில் செல்கிறதா என்பதை அறிய உதவும் நடைமுறை மட்டுமே. சாட்சி நீதிமன்றத்தில் நேரில் அடையாளம் காட்டுவதே முதன்மைச் சாட்சியம் என்று 2003-இல் மல்கான்சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அணிவகுப்புக்கு முன்பே சந்தேக நபரைச் சாட்சிக்குக் காட்டிவிட்டால் அதன் மதிப்பு குறைந்துவிடும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமோ, வேறு ஆதாரம் துணை நிற்கும் உடந்தையாளர் சாட்சியத்தின் அடிப்படையில் தண்டிப்பது சட்டவிரோதமாகாது என்று விதியை மாற்றி அமைத்துள்ளது. முகத்தை நினைவுகூர்பவர் தவறக்கூடும். தன்னைக் காத்துக்கொள்ளப் பேசுபவர் பிறர்மீது பழி சுமத்தக்கூடும். இவ்விரண்டுக்கும் தனித்த ஆதாரம் தேடுவதே நிரபராதிக்குச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பு.