பாடியவன் பெயர் எங்கே?

முசிறி என்றதும் சங்கீத சபைக்காரர்களுக்கு நினைவு வருவது ஒரே பெயர்: முசிறி சுப்பிரமணிய அய்யர். 1939-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர். அவருடைய வித்துவத்தைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. ஆனால், அதே முசிறியின் காவிரிக் கரையில் இடுப்பொடிய நாற்று நட்டுக்கொண்டே பாடினாளே, இழவு வீட்டில் மாரடித்து ஒப்பாரி வைத்தாளே, அவள் பெயர் என்ன? எந்தச் சபை எழுதி வைத்தது? எந்தப் பட்டம் அவள் குடிசை வாசலைத் தேடி வந்தது?

அந்தப் பெயரற்றவளின் பேரனாகத்தான் அரக்கோணத்து இளைஞர் அறிவு மேடையேறினார். இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியில் உருவான 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு 2018 சனவரியில் சென்னையில் கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒரே மேடையில் முழங்கியபோது, அதிலே ஒரு குரல் அவர் குரல்.

"இதென்ன கூச்சல்? அமெரிக்கச் சரக்கல்லவா?" என்று முகம் சுளிப்போர் நம் தோழர்களிலும் உண்டு. அமெரிக்கா என்றால் டாலர் மட்டுந்தானா, தோழர்களே? 1930-களில் புழுதிப் புயலில் நிலமிழந்து கலிபோர்னியாவுக்குப் பிழைக்கப் போன உழவர்களைப் பாடிய வுடி கத்ரியும் அமெரிக்கரே! பாசிஸ்டுகளைக் கொல்லும் எந்திரம் இது என்று தம் கிட்டாரிலேயே எழுதி வைத்த மனிதர் அவர். 1976-இல் லண்டனில், வேலையற்ற வாலிபரின் ஆத்திரத்தைப் 'பங்க்' என்ற பெயரில் கொட்டித் தீர்த்த 'கிளாஷ்' குழுவின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர், அதற்குமுன் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர் என்ன தெரியுமா? வுடி! ராப் பிறந்ததோ நியூயார்க்கின் பிராங்க்சில், ஏழைக் கறுப்பர் வாழ்ந்த தெருக்களில். அந்தத் தாளத்தை வாங்கி, வீட்டு ஒப்பாரியோடு பிணைத்தார் அறிவு. கடன் வாங்கியது உழைப்பாளியிடமிருந்து உழைப்பாளி. இதிலே அந்நியம் எங்கே வந்தது?

2021 மார்ச்சில் வந்தது 'எஞ்சாய் எஞ்சாமி'. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வைச் சொல்லாக்கினார் அறிவு; தீ என்ற பாடகியுடன் சேர்ந்து பாடினார். தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். 40 கோடி தடவைக்கு மேல் யூடியூபில் உலகம் அதைப் பார்த்தது. பிறகு நடந்ததென்ன? அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' இதழின் இந்தியப் பதிப்பு அந்தப் பாட்டின் புகழைப் பேசி அட்டைப்படம் போட்டது. அட்டையில் அறிவு இல்லை! கண்டனம் எழுந்தது, அதன்பின் அவருக்குத் தனி அட்டை வந்தது, அதுவும் இணையத்தில். 2022 சூலையில் சென்னையில் சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழா. மேடையில் பாட்டு இருந்தது. பாட்டை எழுதியவர் இல்லை. அவர் அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்று விளக்கம் வந்தது. இருக்கட்டும். மெட்டு யாருடையது, உழைப்பு யாருடையது என்று இரு தரப்பும் அறிக்கை விட்டன. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாம் நீதிபதியல்ல.

கூலிக் கணக்கு என்று வந்தால் மட்டும் நாம் வாய் மூடி இருக்க முடியாது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாகச் சொன்னார்: இந்தப் பாட்டால் கலைஞர்களுக்கு ஒரு காசும் வந்து சேரவில்லை என்று! நெல் அறுத்தவனுக்குப் பதர்கூட இல்லையாம். ஆலை வாசலில் இதைச் சொன்னால் கதவடைப்பா வேலைநிறுத்தமா என்று கேட்டிருப்பார்கள். இசைத் தட்டுக்காரனின் காலத்திலிருந்து இணையத்துக்காரனின் காலம்வரை, பாட்டாளியின் கணக்கேடு மட்டும் திறப்பதே இல்லை.

நம் கூட்டங்களிலும் ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு ஒலிக்கிறது. போடுங்கள், தோழர்களே, போடுமுன் எழுதியவர் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டுப் போடுங்கள். 2024-இல் அறிவு வெளியிட்ட தொகுப்பின் பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. பாட்டியின் பெயரை முகப்பிலேயே போட்டுவிட்டார், எந்த அட்டைக்காரனும் விட்டுவிட முடியாதபடி.