காலடியில் கால்வாய், முதுகில் ஐந்து லிட்டர்

அமெரிக்காவின் மேற்கே, மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லைவரை நீள்கிறது பசிபிக் கிரெஸ்ட் நெடும்பாதை. தூரம் ஏறத்தாழ 4,265 கிலோமீட்டர். நடப்பவர்களை மிகவும் சோதிக்கும் இடங்களுள் ஒன்று, மொஹாவி பாலைவனத்தின் ஆன்டிலோப் பள்ளத்தாக்கு.

அங்கே காலடியிலேயே தண்ணீர் ஓடுகிறது! 1913இல் திறக்கப்பட்ட லாஸ் ஏஞ்சலிஸ் நீர்க்கால்வாயை ஒட்டிப் பாதை செல்கிறது. ஆனால், இரும்புக் குழாய்க்குள்ளும் கான்கிரீட் மூடிக்கு அடியிலும் ஓடும் அந்த நீரை எடுத்துக் குடிக்க முடியாது.

அப்படியானால் எவ்வளவு சுமக்க வேண்டும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் 28 கி.மீ. நடக்க 7 மணி நேரம். மணிக்கு அரை லிட்டர் வீதம் 3.5 லிட்டர். சமையலுக்கும் இரவுக்கும் 1.5 லிட்டர். மொத்தம் 5 லிட்டர். அதாவது, முதுகில் 5 கிலோ கூடுதல் சுமை!

நம் ஊரில் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை எளிதில் ஆவியாகாமல் சட்டையை நனைக்கிறது. பாலைவனத்தின் வறண்ட காற்றிலோ, சுரந்த வேகத்திலேயே ஆவியாகிவிடுகிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது, உடல் குளிர்கிறது. ஆபத்தும் அதில்தான். தோல் நனையாததால், எவ்வளவு நீரை இழந்தோம் என்பதே தெரிவதில்லை.

வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் தவறு. இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, மனக்குழப்பம், வலிப்புகூட வரலாம். உப்புள்ள உணவும் தேவை.

ஆகவே, அனுபவசாலிகள் விடியலில் நடந்து, நண்பகலில் நிழலில் ஓய்வெடுத்து, மாலையில் பயணத்தைத் தொடர்கிறார்கள். பள்ளி முகாமுக்குச் செல்லும் உங்களுக்கும் ஒரு குறிப்பு: சிறுநீர் அடர்மஞ்சளாக மாறினால், உடல் தண்ணீர் கேட்கிறது என்று பொருள்!